கூப்பிடு தூரம்

ரிவேராவில், தெருவின் இந்தப் பக்கம்
நெல்சீராவின் சீஸ் கடை.
அந்தப் பக்கம் பிரேசில்.
நடுவே புல் வளர்ந்த ஒரு திட்டு,
நாலைந்து மரங்கள், உறுமும் மோட்டார் சைக்கிள்கள்,
எந்த நாட்டுக்குச் சொந்தமென்று
யாரும் கேட்காத ஒரு செவலை நாய்.

இணையக் கடை கட்டிக்கொடுக்க வந்தவன் நான்.
‘எங்கெல்லாம் விற்கலாம்’ என்ற பக்கத்தைத் திறந்தேன்.
உலகம் அகரவரிசையில் நின்றது,
ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்கொரு டிக்.
“காய்ச்சாத பாலில் செய்தது.
எல்லை தாண்டிப் போனால் அபராதம் எனக்குத்தான்.
உருகுவே மட்டும் இருக்கட்டும்” என்றாள்.

அங்கோலாவை அணைத்தேன். ஐஸ்லாந்தை அணைத்தேன்.
ஜப்பானையும்தான்,
பாவம், அவர்கள் கேட்கவே இல்லை.
பிரேசில் மட்டும் கொஞ்சம் தயங்கியது.
வேறொன்றுமில்லை,
அன்றைக்கு வை-ஃபை மந்தம்.

தடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வாக்கியம் வேண்டும்.
‘மன்னிக்கவும், உங்கள் பகுதிக்கு விற்பனை இல்லை.’
மன்னிக்கவும் எதற்கு, எடு என்றாள்.
எடுத்தேன்.
மேட் குடுவையில் வெந்நீர் தீரும்வரை
திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
போடு என்றாள்.

வியாழக்கிழமை
வாங்கியவர்கள் நான்கு பேர்:
மூவர் மொந்தேவிதேயோ, ஒருவர் சால்தோ.
“திரும்பிப் போனவர்களையும் காட்டுமா இது?”
காட்டும்.
ஏழு முயற்சிகள். ஏழும் ஒரே போன்.
ஏழும் இரவு பதினொன்றுக்கு மேல்.
ஏழிலும் அதே சீஸ்:
மிளகு தடவியது, ஆறு மாதம் பழுத்தது, கால் கிலோ.

வரைபடத்தைப் பெரிதாக்கினேன்.
இன்னும். இன்னும்.
எங்கள் தலைக்கு மேலிருக்கும் தகரக் கூரையே
படத்துக்குள் வந்துவிட்டது.
சிவப்புப் புள்ளி எதிர்சாரியில்,
பஞ்சர் கடை மாடியில்.

“அடாயிர்” என்றாள்,
ஒரு பொருளின் பெயரைப் படிப்பதுபோல.
“பதினோரு வருஷம் என் புருஷன்.”
பிறகு,
“மிளகு ஆகாது அவனுக்கு. ராத்திரி நெஞ்சு எரியும்.”

ஒரே ஒரு ஆளுக்குத் திறக்க முடியுமா என்று
அவள் கேட்கவில்லை.
கேட்டதுபோல் நான்தான் சொன்னேன்:
ஆளுக்கு விலக்கு கிடையாது, அஞ்சல் குறியீட்டுக்கு உண்டு.
திறந்தால் அவனோடு
ஒரு வட்டாரமே உள்ளே வரும்.
துடைத்த கத்தியை மறுபடி துடைத்தாள்.

“அனுப்ப வேண்டாம்.
வாங்கட்டும்.
வந்து எடுத்துக்கொள்ளட்டும்.”

அதற்கும் ஒரு கட்டம் இருந்தது,
மூன்றாம் பக்கத்தின் அடியில்,
யாரும் தொடாத இடத்தில்.
பிரேசில்: வீட்டுக்கு இல்லை. கடையில் பெறலாம்.
டிக்.

ஆர்டர் எண் பன்னிரண்டு
இரவு பதினொன்று நாற்பதுக்கு வந்தது.
‘விற்பவருக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமா?’
என்ற பெட்டியில்
ஒரே ஒரு முற்றுப்புள்ளி.
எதையோ எழுதி அழித்ததன் மிச்சமாக இருக்கலாம்.
கை தவறியும் இருக்கலாம்.

காலையில் திட்டின்மேல் நின்றான்,
தலையைப் படிய வாரிக்கொண்டு.
ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட்டான்.
இன்னொன்றுக்கு.
தெருவில் எதுவுமே வராதபோது
அதற்கும் வழிவிட்டு நின்றான்.

உள்ளே அவள் தராசில் துண்டை வைத்தாள்.
எடை கூட இருந்தது. ஓரத்தில் சீவினாள்.
சீவியதை எடுத்து
மறுபடி அதன்மேலேயே வைத்தாள்.
மிளகு தடவாத சீஸ் அது.
நான் பில்லைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்,
வாயைத் திறக்கவில்லை.

அவன் வந்தானா என்று கேட்காதீர்கள்.
என் வேலை முடிந்திருந்தது.
கூலியில் பாதி பணம், பாதி சீஸ்,
செய்தித்தாளில் சுற்றியது.
எனக்கும் வீடு அந்தப் பக்கம்தான்.
திட்டில் அவனைக் கடந்து,
நாயைக் கடந்து நடந்தேன்.
பைக்குள் என்ன என்று
யாரும் கேட்கவில்லை.
சட்டைப் பையில் போன் மட்டும் அதிர்ந்தது,
நாள்தோறும் இதே இடத்தில் அதிர்வதுபோல:
பிரேசிலுக்கு நல்வரவு.